எண் இல்லாத கற்கள்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, இதில் உட்காருங்கள். நீங்கள் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது. சாயங்காலத்திலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் என்னோடு பேச ஆளில்லை. அதோ, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, சிவப்புச் சட்டை, அவனும் தமிழன்தான். ஜோயல், நாகர்கோவில்காரன். என் மாப்பிள்ளையின் சிநேகிதன். ஆனால் என்னோடு பேசமாட்டான். ஏன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் மனைவிக்குக் கணுக்கால்தானே? சுளுக்காகத்தான் இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் மாப்பிள்ளைக்குத் தொடை எலும்பு. உள்ளே அறுவை நடக்கிறது, கம்பி வைக்கிறார்களாம். மகள் டென்வரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் நடந்ததை யாரிடமாவது ஒருமுறை கோவையாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்கும்போது தடுமாறக் கூடாது பாருங்கள்.

என் பெயர் தணிகாசலம். திண்டுக்கல். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்தேன். மனைவி தவறிய பிறகு வேலை கசந்துவிட்டது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஐம்பத்தேழு வயது. பார்த்தால் தெரியாது என்பார்கள்.

மகள் வதனி ஒரே பிள்ளை. மூன்று மாதம் வந்து இருங்கள் அப்பா என்று டிக்கெட் அனுப்பினாள். வந்தேன். வந்து பார்த்தால் மாப்பிள்ளை கோகுல் சனிக்கிழமையானால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வயது முப்பத்தாறு. சங்கிலிக்குப் பல் துலக்குகிற பிரஷ் போட்டுத் தேய்க்கிறான். வீட்டில் கோயில் மாதிரி ஒரு மூலை, அதில் மூன்று சைக்கிள் தொங்குகிறது. ஒன்றிலும் மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் தரையில் படுக்கப் போடுகிறான். நான் கேட்டேன், "ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு காசு வாங்கினவன் ஒரு ஸ்டாண்டு கொடுக்க மாட்டானா?" என்று. சிரிக்கிறான். எதற்கும் சிரிப்பான். சிரிக்கிறவனை எப்படித் தம்பி நம்புவது?

சென்ற வாரம் வதனி சொன்னாள். "அப்பா, அவரும் ஜோயலும் ஒவ்வொரு அக்டோபரும் மலையில சைக்கிள் ஓட்ட யூட்டா போவாங்க. இந்தத் தடவை நீங்களும் போங்க. ரெண்டு நாள் அவரோட இருந்து பாருங்க. ஒத்துவந்தா ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோடயே இருந்துடலாம். தனியா அங்க என்ன செய்வீங்க?"

"இது உன் யோசனையா, அவன் யோசனையா?"

"அவர் யோசனைதான். என்னைக் கேட்டா நான் பயப்படறேன். உங்களால எங்க வீட்டுல ஒரு மாசம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுமான்னு."

பெற்ற மகள் பேசுகிற பேச்சு. அவன் யோசனை என்றதை நான் நம்பவில்லை. மாமனாரைக் கூட வைத்துக்கொள்ள எவன் ஆசைப்படுவான்? ஆனாலும் வந்தேன். தனியாக இருக்கிற வீட்டில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய வயது இல்லை. அதை விடுங்கள்.

மலை என்று சொன்னானே தவிர, இது மலையே இல்லை தம்பி. உச்சியைக் கத்தியால் சீவி எடுத்த மாதிரி தட்டையாக இருக்கிறது. மேசா என்கிறார்கள். நம்மிடம் இருக்கிற மேசைதான், நாலு பக்கமும் விளிம்பு, கீழே பள்ளம். சுற்றிலும் பாலைவனம். ஆற்றோரம் மட்டும் மரங்கள் மஞ்சளாக நிற்கின்றன. இதைப் பார்க்க உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார்கள். மேட்டூர் போகிற வழியில் இதைவிட நல்ல பாறை எத்தனையோ இருக்கிறது, யாரும் சீந்துவதில்லை.

இன்று காலை வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு நாடகம். முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட். முதுகில் பை, பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். பச்சைக் குழந்தை மாதிரி அதை உறிஞ்சித் தண்ணீர் குடிக்கிறார்கள். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டான். ஜோயல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று பாடம் நடத்த ஆரம்பித்தான். சாலை போட்டவனுக்கே வழி சொல்லுகிறான். நான் காரில் பிளாஸ்க் இருந்தது ஞாபகம் வந்து காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் கோகுல் என் வாடகைச் சைக்கிளின் டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருக்கிறான். கிண்ணென்று இருந்த டயர். புஸ்ஸென்று பாதியை விட்டுவிட்டான். "பாறையில பிடிப்பா இருக்கும் மாமா" என்கிறான். நான் படித்த காலத்தில் காற்றில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு வத்தலகுண்டு ரோட்டில் நடந்திருக்கிறேன். காற்று இருக்க வேண்டுமா இல்லையா என்று எனக்குச் சொல்லித் தருகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏறும்போது பாருங்கள், அவ்வளவு பெரிய வீரன், என்னைத் தாண்டிப் போக அவனால் முடியவில்லை. ஜோயல் முன்னால், நான் நடுவில், இவன் கடைசி. நான் இறங்கித் தள்ளினால் இவனும் இறங்கித் தள்ளுகிறான். நான் மூச்சு வாங்க நின்றால் இவனும் நிற்கிறான். அவ்வளவு பலவீனம். ஒரு இடத்தில் நான் விழுந்தேன் என்று ஜோயல் சொல்லுவான். விழவில்லை. சைக்கிள் சாய்ந்தது, நான் இறங்கினேன். இறங்கின இடம் கொஞ்சம் தாழ்வு. கோகுல் ஓடி வந்து தூக்கினான். அவனுக்கு எதையாவது தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலே போனதும் மண் முடிந்து வெறும் பாறை. மொட்டைப் பாறை தம்பி, கண்ணுக்கு எட்டின மட்டும். டயர் பட்ட தடம்கூட விழாது. அங்கேதான் அந்தக் கற்களைப் பார்த்தேன்.

நம் ஊர் மலைக்கோயில்களுக்கு ஏறியிருக்கிறீர்களா? வழியெல்லாம் கல்லின் மேல் கல்லாக அடுக்கி வைத்திருப்பார்களே. வீடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுக்குவது. அச்சு அசல் அதேதான். நாலு கல், ஐந்து கல், ஒன்றின் மேல் ஒன்று. கொஞ்ச தூரம் போனால் இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாட்டில் பாறை மேல் ஏறி வீடு கேட்டுக் கல் அடுக்குகிறான்.

சரி, வெள்ளைக்காரன் என்னவோ செய்கிறான் என்று பார்த்தால், என் மாப்பிள்ளை சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, கீழே விழுந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து, பக்குவமாக ஒரு குவியலின் மேல் வைக்கிறான். தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்கிறான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்து, கம்ப்யூட்டர் வேலை பார்த்து, கடைசியில் கல் அடுக்குகிறான்.

"வீடுதான் இருக்கே மாப்பிள்ளை. இது எதுக்கு?"

அவன் என்ன புரிந்துகொண்டானோ, சிரித்தான். "வாங்க மாமா, சாப்பிடலாம்."

எனக்குத் தெரியாதா எதற்கென்று. கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டான், கல்லிடம் சொல்லுவான்.

தம்பி, கல் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷம் சாலையோரம் கல் நட்டவன் நான். தேசிய நெடுஞ்சாலை என்றால் தலையில் மஞ்சள், மாநிலச் சாலை என்றால் பச்சை. ஊர் பெயர், எத்தனை கிலோமீட்டர், எல்லாம் எழுத்தில் இருக்கும். அதை நட்டுவிட்டு அடுத்த மாதம் போய்ப் பாருங்கள், விபூதிப் பட்டை அடித்து, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை போட்டிருப்பார்கள். ஆயுதபூஜைக்கு என் பணியாளர்களே பொரி வைத்துப் படைப்பார்கள். நான் துடைக்கச் சொல்லுவேன். வேடசந்தூர்ப் பக்கம் சாலை அகலப்படுத்தும்போது ஒரு கல்லுக்குக் கூரையே போட்டிருந்தார்கள். பெண்கள் மறித்து நின்று மண்ணை வாரி இறைத்தார்கள். லாரிக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தூக்குவேன் என்றான். நானே கடப்பாரையைப் பிடித்துப் பெயர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதோ உயிரோடு இருக்கிறேன்.

சௌந்தரம் அப்போதே சொன்னாள், என் மனைவி. "உங்களுக்கு எந்தக் கல்லையும் சும்மா விட முடியாதா?" அவளும் அடுக்கினவள்தான். இதய நோய்க்காரி, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்று சொல்லியிருந்தார். மகளுக்கு வீடு அமைய வேண்டும், வயிறு திறக்க வேண்டும் என்று ஒரு மலை ஏறி, மூச்சு இளைக்க இளைக்கக் கல் பொறுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு சிரித்தேன். மகள் வீடு வாங்கினாள். "பாத்தீங்களா" என்றாள். வங்கி கடன் கொடுத்தது, வாங்கினாள் என்றேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்ட பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற வேலைதான் எனக்கு இப்போது. நான் என்னைக் கேள்வி கேட்காதவன் இல்லை தம்பி. நிறையக் கேட்பேன். ஆனால் அன்று அவள் அடுக்கிய கல்லை நான் தொடவில்லை. அதை மட்டும் செய்யவில்லை.

எங்கே விட்டேன்? சாப்பாடு. ஒரு குட்டை மரத்தடியில் சாப்பிட்டோம். புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தான், எனக்கு மட்டும். அவர்கள் இரண்டு பேரும் மாட்டுத் தீவனக் கட்டி மாதிரி எதையோ கடித்தார்கள். விடியற்காலையிலேயே எழுந்து அந்த மோட்டல் அறை மின்னடுப்பில் கிளறினானாம். உப்பு குறைவு.

அதற்கு மேல் விளிம்பு வரைக்கும் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வரவில்லை என்றேன். களைப்பு இல்லை, எனக்கு அதில் ஆர்வமில்லை. கோகுல் நானும் மாமாவோடு இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். நான்தான் விரட்டினேன். "போய்ட்டு வாங்க. என்னைக் காக்கா தூக்கிட்டுப் போகாது."

"இங்கயே இருங்க மாமா. சீக்கிரம் வந்துடுவோம். எங்கயும் போகாதீங்க."

எங்கயும் போகாதீங்க. யாரிடம் சொல்லுகிறான் பாருங்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் எழுந்தேன். சும்மா ஒரு நடை. அவர்கள் போன திசையிலேயே நடந்தேன். முதல் குவியல் வந்தது, அவன் கல் வைத்தானே, அதே மாதிரி. காலால் ஒரு தட்டு. சரிந்தது. தம்பி, பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. ஓய்வு வாங்கியதிலிருந்து நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. அடுத்தது. அதற்கு அடுத்தது. பார்த்ததையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டே போனேன். தட்டினதோடு விடவில்லை, கல்லை எடுத்து வீசினேன், மறுபடி எவனும் வந்து அடுக்கக் கூடாது என்று. வேலையைச் செய்தால் முழுதாகச் செய்பவன் நான். பாறை ஒரு இடத்தில் திரும்புகிறது. அங்கே பெரிதாக ஒன்று, இடுப்பு உயரம் இருக்கும். எத்தனை பேர் எத்தனை வருஷம் அடுக்கினதோ. அது காலுக்கு மசியவில்லை. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அதற்குச் சற்று தள்ளிப் பாறை ஒரு மாடி உயரத்துக்கு அப்படியே இறங்குகிறது. கல் உருண்டு கீழே விழுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

பிறகு மரத்தடிக்கு வந்து படுத்தேன். நல்ல தூக்கம். அப்படி ஒரு தூக்கம் இரண்டு வருஷமாக இல்லை.

ஜோயல் கத்தின சத்தத்தில் எழுந்தேன். ஓடினேன். பெரிய குவியல் இருந்த இடம்தான். ஜோயல் மேலே நிற்கிறான், இவன் கீழே கிடக்கிறான். சைக்கிள் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அந்த இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமாம். இவன் நேராக வந்து விளிம்பில் இறங்கிவிட்டான். நான் கேட்கிறேன், போன வழியில் திரும்பி வரத் தெரியாதா? வருஷா வருஷம் வருகிற ஆள்.

நான் எப்படியோ உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினேன். அவன் முகம் சாம்பலாக இருந்தது. சுற்றிலும் அந்தக் கற்கள் சிதறிக் கிடந்தன. அவன் கற்களைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். கையில் சிவப்புத் தூசு. பாறையே சிவப்பு, யார் கையிலும் இருக்கும். அப்புறம் சொன்னான், "மாமா, நீங்க எங்கயும் விழுந்துடலையே?" என்று. கால் உடைந்து கிடக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? வலியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மீட்புக்காரர்கள் வந்தார்கள். தொண்டர்களாம், சம்பளம் கிடையாதாம். அதில் ஒரு அம்மாள், நரைத்த பின்னல், என் வயதுதான் இருக்கும். ஸ்ட்ரெச்சரில் கட்டும்போதே அண்ணாந்து பார்த்து ஜோயலிடம் கேட்டாள். திருப்பத்தில் இருந்த அடையாளக் கற்கள் எங்கே? பாறையில் தடம் தெரியாது என்றுதானே அதை வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் விழுந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டே போவார்களே, யார் கலைத்தது? எனக்கு ஆங்கிலம் புரியும். ஜோயல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அப்போதிலிருந்துதான் பேச்சு இல்லை.

அடையாளக் கல்லாம். ஒரு நிமிஷம் நானும் அண்ணாந்து அந்தத் திருப்பத்தைப் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். அடையாளம் என்றால் அதற்கு ஒரு முறை வேண்டாமா? எண் இல்லை, எழுத்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, அம்புக்குறி இல்லை. எங்கள் துறையில் இப்படி ஒரு கல்லை வைத்தால் தணிக்கையில் கிழித்துவிடுவார்கள். வேண்டுதலையும் வழியையும் ஒரே மாதிரி அடுக்கி வைத்தால் மனுஷன் எதைக் கண்டான்? நீங்களே சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

சொல்லுங்கள் தம்பி.

சரி, விடுங்கள். அந்த அம்மாளுக்கு யார் பதில் சொன்னது தெரியுமா? கோகுல். பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான், தப்பு என்னுடையது, வேகமாக வந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்று. ஜோயல் வாயைத் திறந்தான். "டேய், விடு" என்றான் இவன். வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, வதனி கேட்டா நான் வேகமா வந்துட்டேன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். அவ பயந்துடுவா. நீங்க எங்களோட இருக்கறதுக்கு அவளை இப்பதான் ஒத்துக்க வெச்சிருக்கேன்."

பார்த்தீர்களா? அவனே ஒத்துக்கொண்டான், வேகமாக வந்ததாக. யாரும் அவன் வாயில் வார்த்தையை வைக்கவில்லை. அவனிடம் நான் பார்த்த ஒரே நல்ல குணம் இதுதான், தன் தப்பைத் தானே சொன்னது. எல்லோருக்கும் அது வராது.

மகளை ஒத்துக்கொள்ள வைத்தானாம். அதை மட்டும் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் எதற்கு அதைச் செய்ய வேண்டும்? அவனுக்கு இதில் என்ன இருக்கிறது? புளிசாதம் கிளறினான், எனக்குப் பின்னாலேயே வந்தான், தூக்கிவிட்டான். ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும். எனக்குத்தான் பிடிபடவில்லை.

ஏன் தம்பி என் ஷூவையே பார்க்கிறீர்கள்? மண்தான். இந்த ஊர் மண் ஒட்டினால் போகாது போலிருக்கிறது, கழிவறையில் வைத்துக் கழுவிப் பார்த்தேன்.

எழுந்துவிட்டீர்களே. உங்கள் மனைவியைக் கூப்பிட்டார்களா? இல்லையே, என் காதில் விழவில்லையே. இருங்கள், ஒரு நிமிஷம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார் வந்து நிற்கிறது பாருங்கள், அது வதனிதான். அவள் நடையே சொல்லுகிறது, அவள் அம்மா நடை. ஒரு உதவி செய்யுங்கள். அவள் உங்களிடம் பேசினாலும் பேசுவாள், கல் விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டாம். அவளுக்கு அம்மா மாதிரியே இதிலெல்லாம் நம்பிக்கை. கல்லைத் தட்டினேன் என்று தெரிந்தால் மனசு கஷ்டப்படும். அதற்காகத்தான். வேறொன்றும் இல்லை.

ஜோயல் வேறு அவளைப் பார்த்துப் போகிறான். அவன் சொல்ல மாட்டான். கோகுல் விடு என்று சொல்லியிருக்கிறான்.

வாம்மா. வா, முதல்ல உட்காரு. ஒண்ணும் பயமில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் வேகமா வந்துட்டார்.